பாலனின் காது

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி. மாதா ஓவியத்தை ஆராய நிபுணர் வருகிறாராம். வரட்டும், நன்றாக வரட்டும். இருபத்தேழு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

இந்தப் புன்னைத்துறை அருங்காட்சியகத்துக்குக் காப்பாட்சியராக வந்த இரண்டாம் வருஷமே துறை இதழில் எழுதிவிட்டேன். மூன்றாம் கூடத்தில் தொங்குகிற மாதாவும் பாலனும் யாரோ பெயர் தெரியாதவன் வரைந்த படமல்ல. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெனிஸ் நகரத்தில் வாழ்ந்த நிக்கோலோ தி சான்வீத்தோ தன் கைப்பட வரைந்தது என்று பதினொரு காரணங்கள் அடுக்கியிருந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். அப்போதைய உதவி இயக்குநர் மட்டும் ஒரு கூட்டத்தில், "என்ன குற்றாலலிங்கம், கடல் காத்து ஒத்துக்கலையோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இப்போது தலைநகரில் புதிதாகக் குளிர்சாதனக் கூடம் கட்டியிருக்கிறார்கள். படம் நிக்கோலோவுடையது என்று நிபுணர் சொல்லிவிட்டால் அங்கே கொண்டுபோய்விடுவார்களாம். யானை வாயில் போன கரும்புதான், திரும்பி வராது. போனால் போகட்டும். என் பெயர் கட்டுரையோடு நிற்குமே. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைத்தால் போதும்.

இரண்டாம் கூடத்தில் வௌவால் புகுந்துவிட்டது. விரட்டவே மத்தியானம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கோமுவிடம் விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே, "அவள எங்கயும் கொண்டுபோக வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

"அவளா? அது படம்" என்றேன்.

"படம்னே வச்சுக்கிடுங்க. இங்கயே இருக்கட்டும்."

என் மனைவி சங்கரன்கோவில் பெண். அம்மன் கோயில் ஆடித்தபசைத் தவறவிடாதவள். ஆனால் மாதம் ஒரு தடவை எனக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுவாள். தூக்குவாளியை என் மேசையில் வைத்துவிட்டு நேரே மூன்றாம் கூடத்துக்குப் போவாள். கலையில் அவளுக்கு இவ்வளவு ருசி வந்தது என்னோடு குடித்தனம் நடத்தியதால்தான் என்று நான் பெருமையாக நினைத்துக்கொள்வது உண்டு.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். காவலாளி பங்கிராஸ் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

இன்று மாதாவின் விண்ணேற்பு நாளும்கூட. பூசை முடித்து நேராக இங்கே வந்துவிட்டது கூட்டம். போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த படம் இது. நானூறு வருஷம் கோயிலில் இருந்தது. மெழுகுவத்திப் புகையிலும் கறையானிலும் கெட்டுப்போகிறது என்று அறுபது வருஷத்துக்கு முன் பங்குச்சாமியார் ஒருவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை கோயில் ஒரு தெரு தள்ளி வந்துவிட்டது, அவ்வளவுதான். சகாயத்தாய் என்று சொல்வார்கள். ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். பக்கத்துக் கூடத்தில் என் பாண்டியர் காலத்து நடராசர் ஆடிக்கொண்டிருக்கிறார், அவரைச் செருப்போடுதான் பார்க்கிறார்கள். நான் கோபப்படுவதை விட்டுப் பல வருஷமாகிறது.

மீன் விற்கிற அமலோற்பவத்தம்மாள் வாசலில் என்னை மறித்து, "தாய மெட்ராசுக்குக் கொண்டு போறியளாமே?" என்றார். இந்த ஊரில் ரகசியம் என்பது கருவாட்டு வாசனை மாதிரி. இன்னும் முடிவாகவில்லை என்றேன். "முடிவாகக் கூடாது சார்வாள்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நிபுணர் வந்துவிட்டார். டாக்டர் வைதேகி சடகோபன். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. இத்தாலியில் ஆறு வருஷம் படித்தவர். பெட்டி பெட்டியாக விளக்கும் லென்சும் கொண்டுவந்திருக்கிறார். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். "நல்லா இருக்காங்க" என்றார். படத்தைப் பார்த்ததும் வயது கேட்காமல், விலை கேட்காமல் நலம் சொன்ன முதல் அதிகாரி இவர்தான். எனக்குப் பிடித்துவிட்டது.

என் கட்டுரையை வாசித்திருக்கிறார். "பதினொரு காரணத்துல ஆறு ஒத்துக்கறேன் சார்" என்றார். பாஸ் மார்க்குக்கு மேல். மற்ற ஐந்தும் தப்பா என்று கேட்கவில்லை. கேட்பானேன்?

ஆகஸ்ட் 21, புதன்

மூன்றாம் கூடத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டோம். சன்னலில் கறுப்புத் துணி. மாதா சட்டத்திலிருந்து இறங்கி மேசைமேல் படுத்திருக்கிறாள். நீல முக்காடு, மடியில் பாலன், பாலன் கையில் ஒரு சிறு குருவி. எனக்கு இதைப் பார்த்து வரைய வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டு எழுதுகோலைக் கொடுத்தாலும் நீலத்தில் எங்கெங்கே விரிசல் ஓடுகிறது என்பதுவரை போட்டுக் காட்டுவேன். கோமு தன் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் திணறுவேன்.

வைதேகி மேடம் பலகையின் பின்புறத்தைச் சோதித்தார். நெட்டிலிங்கம் மாதிரி நெடுநெடு என்று வளரும் மரமொன்று அங்கே உண்டாம், அந்தப் பலகை. வெனிஸ்தான், காலமும் சரி என்றார். இனி மிச்சமிருப்பது ஒரே கேள்வி. குருவின் கையா, பட்டறையில் இருந்த சீடர்களில் ஒருவர் கையா? குரு என்றால் தலைநகரம். சீடர் என்றால் புன்னைத்துறை.

மத்தியானம் அவருக்கும் சேர்த்துக் கோமு சாப்பாடு கொடுத்துவிட்டிருந்தாள். சொதியும் இஞ்சித் துவையலும். மேடம் இரண்டாம் தடவை சாதம் கேட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று எனக்குப் பாடம் நடந்தது. "முகத்தையும் கையையும் எல்லாரும் பாப்பாங்க சார். சீடனும் அதைத்தான் உயிரக் குடுத்துக் காப்பியடிப்பான். காதை யாரும் கவனிக்கறதில்ல. அதனால காதுலதான் ஆள் மாட்டிப்பான்" என்றார் மேடம்.

நிக்கோலோ காது வரைந்தால் மடலின் அடி கன்னத்தோடு ஒட்டியே இருக்குமாம். சீடர்கள் வரைந்த படங்களில் மடல் தனியாகத் தொங்குமாம். வேறு ஊர்களில் உள்ள எல்லாப் படங்களிலும் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் மாதாவின் காதுகளை முக்காடு மறைக்கிறது. பாலன் தலையைத் திருப்பியிருப்பதால் அவனுக்கு ஒரு காது மட்டும் தெரிகிறது. ஆக, அந்த ஒற்றைக் காதில் என் மானம் இருக்கிறது.

என் பதினொரு காரணங்களில் காது இல்லை. எழுதும்போது தோன்றவில்லை, என்ன செய்ய.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள்தான், ஆனாலும் வேலை நடந்தது. பாலனின் காது மடல்மேல் கறுத்துப்போன மெழுகு அப்பியிருக்கிறது. அதை மேடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சால் எடுத்தார். உள்ளே ஓட்டை.

"அது பூச்சி அரிப்பு. இருபது வருஷத்துக்கு முன்னாடியே குறிச்சு வச்சிருக்கேன்" என்றேன், பொறுப்புள்ள அதிகாரியாக.

மேடம் லென்சை என்னிடம் கொடுத்தார். "பூச்சி நேரா போகாது சார், வளைஞ்சு வளைஞ்சு போகும். இது ஒரே நேர்கோடு. யாரோ ஊசியால குத்தியிருக்காங்க."

ஆகஸ்ட் 24, சனி

மேடம் கொண்டுவந்திருந்த சிறு எக்ஸ்ரே கருவியில் ஓட்டைக்குள் ஒரு துளி உலோகம் தெரிந்தது. இடுக்கியால் எடுத்துப் பார்த்தால் தங்கம்! அரிசி நுனி அளவுக்குக் கம்பித் துண்டு. ஓட்டையைச் சுற்றி மஞ்சள் படிந்திருக்கிறது. சமையல் மஞ்சள். பாலனின் நெற்றியில் எண்ணெய்க் கறை வேறு.

மேடம் மெதுவாகச் சொன்னார். "சார், யாரோ குழந்தைக்குக் காது குத்தியிருக்காங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். ஐந்நூறு வருஷம் கடலையும் கறையானையும் தாங்கின காது! உலகத்தில் எந்த இடத்தைப் பார்த்துக் குருவா சீடனா என்று சொல்ல முடியுமோ, அதே இடத்தில், மடலின் அடியில், கன்னத்தைத் தொடுகிற இடத்தில், ஏதோ ஒரு மூதேவி ஊசியை இறக்கியிருக்கிறது. குத்தினது, மஞ்சள் தேய்த்தது, மெழுகு அப்பினது எல்லாம் சேர்ந்து அந்த ஓரத்தைச் சுத்தமாக அழித்துவிட்டன. ஒட்டியிருந்ததா, தொங்கியதா, இனி பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது.

மேடம் எதிரிலேயே கத்தினேன். வீட்டுக்கு வந்தும் கத்தினேன். "யாருன்னு தெரிஞ்சா போலீஸ்ல பிடிச்சுக் குடுக்காம விடமாட்டேன்" என்றேன். கோமு தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சாம்பாரில் உப்பு இல்லை. ரசத்தில் இரண்டு பங்கு. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி நடந்ததில்லை.

"ஏங்க, அந்தக் காலத்துல செஞ்சதுக்கெல்லாம் இப்ப போலீஸ் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"எந்தக் காலம்?"

"சும்மா கேட்டேன்."

அவளுக்கு என் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள், என் வழக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பங்கிராஸ் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார். முப்பத்திரண்டு வருஷமாக இந்த வாசலில் நிற்கிறவர். அவருக்குத் தெரியாமல் ஈ உள்ளே நுழையாது. கூப்பிட்டு விசாரித்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார்.

"ஓட்டை எப்ப விழுந்ததுன்னாவது தெரியுமா?"

"மாதா சத்தியமா வாயத் தெறக்கக் கூடாதுன்னு வாங்கியிருக்காங்க சார். என்னைய கேக்காதிய."

யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான் போம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். எங்கள் ஒரே பிள்ளை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள். சகாயவல்லி என்று பெயர். கோமுதான் பிடிவாதமாக வைத்தாள், அவள் பாட்டி வழிப் பெயராம். அந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டிக்கும் அப்படியொரு பெயர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நல்ல பெயர்தானே என்று விட்டுவிட்டேன்.

பேச்சுவாக்கில் படத்தின் காது கதையைச் சொன்னேன். வல்லி, "அப்பா, அம்மா ஒங்கிட்ட இன்னுமா சொல்லல?" என்றாள்.

நான் திரும்பினேன். கோமு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள்:

"அப்ப எத்தன டாக்டர்ட்ட போனோம், ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தன கோயில், எத்தன மாவிளக்கு. ஒருநா ஒங்களுக்குச் சோறு கொண்டாந்தேன். நீங்க ஆபீசருக்கு எதுவோ காட்டிக்கிட்டு நின்னீங்க. நான் அந்தக் கூடத்துல போயி உக்காந்தேன். அவ மடியில பிள்ள இருக்கு. 'ஒனக்கு ஒண்ணு இருக்குல்லா, எனக்கும் ஒண்ணு தா. தந்தா எம் பிள்ளைக்குச் செய்யுறத எல்லாம் ஒம் பிள்ளைக்கும் செய்யுதேன்'னு சொன்னேன். தந்தா. நான் சொன்ன சொல்ல மாத்த முடியுமா?"

வல்லிக்குக் காது குத்த வந்த நகைப் பத்தரை, அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நான் மதுரையில் கூட்டத்தில் இருந்தேன். பங்கிராஸ் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அவருக்கும் இதில் தவறாக எதுவும் தோன்றவில்லை. நேர்ந்துகொண்டால் செய்ய வேண்டியதுதானே என்றாராம். மஞ்சள் தடவி, பத்தர் குத்தி, சின்ன வளையம் ஒன்றையும் அதில் செருகியிருக்கிறார். "பிள்ள அழவே இல்லையேம்மா" என்று பத்தர் கண் கலங்கிவிட்டாராம். சாயங்காலம் பங்கிராஸ், என் கண்ணில் பட்டுவிடும் என்று வளையத்தைக் கழற்றப் போக, அதன் நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மெழுகை அப்பிவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான் அப்போது வந்தது. "பிள்ளைக்குச் செய்யுறது எல்லாம்னா... மொட்டையுமா?"

"அது எப்படிங்க முடியும்? வரைஞ்ச முடில்லா" என்றாள், என் அறிவை நொந்துகொண்டு. "நெத்தியில ஒரு சொட்டு எண்ண வச்சேன். அவ்வளவுதான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அதுக்குள்ள பூச்சி அரிப்புன்னு எழுதிட்டீங்க. படிச்சவங்க எழுதினத நான் எதுக்குத் திருத்தணும்?" பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானா வளரும்னு சொல்லுவாங்கல்லா. வளந்திருக்காளே" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இருபத்தோரு வருஷம் மறைத்திருக்கிறாள், அதுவும் என் கையெழுத்தை மேலே வைத்து.

ஆகஸ்ட் 28, புதன்

கோமுவிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. தோசை மட்டும் சூடாக வந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

சிக்கல் தலைகீழாகிவிட்டது. மேடம் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "சார், மத்த எல்லாம் சரிபாதியா நிக்குது. தராசு ஒரு பக்கம் சாயணும்னா அந்தக் காது மடல் எப்படி இருந்ததுன்னு தெரியணும். பழைய போட்டோ எல்லாத்துலயும் காது மேல மாலை தொங்குது. ஓட்டை விழறதுக்கு முன்னாடி எட்டு வருஷம் இதைப் பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். மடல் கன்னத்தோட ஒட்டியிருந்துச்சா, தொங்கிச்சா? நீங்க சொல்றதை அறிக்கையில உங்க பேரோட போடுவேன். ஒட்டியிருந்துச்சுன்னு சொன்னா, நிக்கோலோன்னு கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்ல."

வேலிக்கு ஓணான் சாட்சி. என் கட்டுரைக்கு நானே சாட்சி.

"அவசரமில்ல, திங்கக்கிழமை சொல்லுங்க" என்றார். யார் குத்தினது என்று அவர் இதுவரை என்னிடம் கேட்கவில்லை. நான் அந்த ஆத்திரத்தில் கத்தினதையெல்லாம் கேட்டவர்தான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோயிலில் கொடியேற்றம். பத்து நாள் திருவிழா தொடங்கிவிட்டது. கடற்கரைத் தெரு முழுக்கச் சீரியல் விளக்கு. கோமு போயிருந்தாள். நானும் பின்னாலேயே போனேன், கூட்டத்தில் அவள் தனியாக நிற்க வேண்டாமே என்று. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த வேகவைத்த கடலையில் பாதியைக் கொடுத்தாள். பேச்சு வார்த்தை அத்தோடு தொடங்கிவிட்டது.

இந்தத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் மாதாவின் சப்பரம் தெரு சுற்றி வரும்போது அருங்காட்சியகத்து முன்னால் நிற்கும். மூன்றாம் கூடத்துக் கதவையும் தலைவாசலையும் ஒருசேரத் திறந்துவிடுவோம். சப்பரத்து மாதாவும் பலகை மாதாவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வார்கள். அரசாங்க விதிப்படி மாலை ஐந்தரைக்கு மேல் கதவு திறக்கக் கூடாது. நான் இருபத்தொன்பது வருஷமாகத் திறந்துகொண்டிருக்கிறேன்.

படம் தலைநகரம் போய்விட்டால் சப்பரம் நிற்கிற இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். இது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு குண்டூசி அளவுக்கு வலித்தது என்று எழுதலாம். இல்லை, நிறையவே வலித்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

மின்சாரம் இல்லை. கேஸ் தீர்ந்துபோய் மாற்றினேன். முழங்கால் வலிக்கு நொச்சி இலை போட்டு ஒத்தடம்.

மத்தியானம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை ஒரு தாளில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தது. கோமு எட்டிப் பார்த்து, "யார் காதுங்க இது? அச்சு அசலா இருக்கே" என்றாள். யார் காதும் இல்லை என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கேட்ட கேள்வி, நான் சொல்லப்போகிற பதிலைப் பொறுத்துப் படம் போகும் அல்லது இருக்கும் என்பது. வேண்டாம் என்று கெஞ்சுவாள் என்று பார்த்தேன்.

"நீங்க எத்தன வருஷமா இதுக்காகக் காத்திருக்கீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. போனா என்ன, டிரெயின் ஏறிப் போயிப் பாத்துட்டு வருவோம்" என்றாள். அப்புறம் அடுக்களைக்குள் போய் வெகு நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ அங்கே இரண்டு டம்ளர்தான் கிடந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

நினைவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அறுபதை நெருங்குகிற ஆளுக்கு, இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு குழந்தைக் காதின் அடிநுனி எப்படி நினைவிருக்கும்? முதுமை எல்லோருக்கும் வருவதுதான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா யோசிச்சீங்களா சார்?" என்றார். இரண்டு ராத்திரி யோசித்தேன் என்றேன். அது உண்மை.

"அப்படின்னா பட்டறைன்னுதான் எழுத முடியும். உங்க கட்டுரைக்கு..."

"பதினொண்ணுல ஆறு ஒத்துக்கிட்டீங்களே, அது போதும்" என்றேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். பங்கிராஸ் கேட்காமலே டீ வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்துச் சிரிப்பு ஒருமுறை நினைவுக்கு வந்தது. அந்த உதவி இயக்குநர் செத்துப் பத்து வருஷம் இருக்கும். சிரித்தவர்கள் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நான் யாரிடம் ஜெயிக்கப் பார்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

அறிக்கை போய்விட்டது. வெனிஸ் நகரப் பட்டறை, பதினாறாம் நூற்றாண்டு, ஓவியர் பெயர் அறியப்படவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பதில் ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டது. குளிர்சாதனக் கூடத்தில் அந்த இடத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார்களாம். இவ்வளவு வேகமாக அந்த அலுவலகம் எதற்கும் பதில் போட்டதில்லை.

கோமுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "வெங்காயம் அரிஞ்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள். இரவு தேங்காய்ச் சாதமும் அவியலும். இரண்டிலும் வெங்காயம் கிடையாது.

செப்டம்பர் 6, வெள்ளி

படத்துக்குக் கீழே புதுப் பெயர்ப்பலகை எழுத வேண்டும். ஓவியர் பெயர் தெரியவில்லை என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்து நேராக வந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

திருவிழா. மாதா பழையபடி சட்டத்துக்குள் ஏறி நின்றுவிட்டாள். இரவு எட்டு மணிவாக்கில் சப்பரம் வந்தது. கதவுகளைத் திறந்தேன். வாணவேடிக்கை, பேண்ட் மேளம், "மரியே வாழ்க" என்று கடற்கரையே அதிர்ந்தது. அமலோற்பவத்தம்மாள் முன்வரிசையில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்கு என்று தெரியவில்லை. இந்த ஊரில் ரகசியம் நிற்காது என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

வெளியூர்க்காரர் ஒருவர், "சார், இது யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். என் கையால் எழுதின பெயர்ப்பலகையைக் காட்டினேன்.

கோமு இன்றைக்குத்தான் முதல்முறையாக என் எதிரிலேயே படத்தைக் கும்பிட்டாள். முன்பெல்லாம் நான் வந்தால் கையை இறக்கிவிடுவாள் போலிருக்கிறது. கும்பிட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பி, "நெசமாவே ஒங்களுக்கு ஞாபகம் இல்லையாங்க?" என்றாள்.

"எதும்மா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் நாங்கள் தெருவில் கை கோத்து நின்றது இதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

மேடம் மாலை ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். கடைசி வேலையாகச் சாந்தும் சிறு கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். சேதமான இடங்களை நிரப்பி, பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிடுவதுதான் முறை. நெற்றிக் கறையைத் துடைத்தார். நீல முக்காட்டில் இரண்டு உதிர்ந்த இடங்களை அடைத்தார். பாலனின் காதுக்கு வந்தபோது, "இதையும் மூடிடறேன் சார். ஓட்டை இருந்த அடையாளமே தெரியாது" என்றார்.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏன் சார்?"

"குத்தின காது தூந்துரக் கூடாது."

வாய் தவறி வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு சாந்து டப்பாவை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"சார், உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றேன். "பொண்ணு."